மூடியிருக்கும் நாளில் மைதானத்தைத் திறந்துவிடுங்கள்

ஓசூரைச் சுற்றியும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் கோல்ஃப் மைதானம் நடத்தும் மன்றங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மைதானத்தை மூடுவது உங்கள் வழக்கம். பெரும்பாலும் அது திங்கட்கிழமை. அன்று வேலை முடிந்த பிறகு, அங்கே புல் வெட்டுகிறவர்களும், ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமக்கிறவர்களும், அவர்களுடைய பள்ளி செல்லும் பிள்ளைகளும் ஆடலாம் என்று எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுங்கள். உறுப்பினர்கள் கழித்துப் போட்ட மட்டைகளையும் தேய்ந்த பந்துகளையும் அவர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்களில் நன்றாகத் தேறிய ஒருவர் தொழில்முறைத் தகுதிச் சுற்றுக்குப் போக விரும்பினால், முதல் ஆண்டுக் கட்டணத்தை மன்றம் ஏற்கட்டும். இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம். நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

நான் கெலமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆட்டங்கள் கபடி, கைப்பந்து, ஓட்டம். ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவன் பட்டாளத்துக்கோ காவல் துறைக்கோ போவான். மற்றவர்கள் சிப்காட் கம்பெனி வேன் ஏறுவார்கள், அல்லது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போவார்கள். கோல்ஃப் எங்கள் கணக்கிலேயே இல்லாத ஆட்டம். இருந்தும், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களில் அந்த ஆட்டத்தின் மண்ணையும் புல்லையும் உங்களைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் மைதானத்தை ஆட்டத்துக்குத் தயார் செய்கிறவர்கள் அவர்கள்தான்.

என் பழைய மாணவன் ஒருவன் அந்த வேலையில் இருக்கிறான். எந்த மன்றம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அவன் வேலை போகும். கிரீன் மீது, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பின் மீது, தினமும் குழியை இடம் மாற்றுவது அவன் பொறுப்பு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். புதிய இடத்தில் உருளை போன்ற வெட்டுக் கருவியை முறுக்கி இறக்கி, மண்ணும் புல்லுமாக ஒரு கட்டியை அப்படியே தூக்கி, அதைக் கொண்டு பழைய குழியை அடைக்க வேண்டும். அடைத்த இடம் மேடாகவும் இருக்கக்கூடாது, பள்ளமாகவும் இருக்கக்கூடாது. கை சற்று ஆடினாலும் புதுக் குழியின் விளிம்பு பிசிறிவிடும். பிசிறினால் உள்ளே விழ வேண்டிய பந்து விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய அந்தப் புல் காலையில் ஒரு வேகத்திலும் வெயில் ஏறிய பிறகு இன்னொரு வேகத்திலும் பந்தை ஓட விடும் என்று அவன் எனக்கு விளக்கினான். எந்தச் சரிவு கண்ணுக்கு இடப்புறமாகத் தெரிந்தாலும் உண்மையில் வலப்புறம் இழுக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். பயிற்சியாளரிடம் பணம் கட்டிக் கற்கிற விஷயங்கள் இவை.

ஒரு மாலை வேலை முடிந்ததும் ஆளில்லாத கிரீன் மேல் நான்கைந்து பந்துகளை உருட்டிப் பார்த்திருக்கிறான். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: ஊழியர்கள் ஆடுபரப்பில் விளையாடுவது விதிமீறல். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால்தான் என்னிடம் கொண்டுவந்தான். இந்த மடல் பிறந்தது அப்படித்தான்.

இப்போது அவன் பயிற்சி செய்வது ஊர் ஏரியில். ஏரி என்பது பெயரளவில்தான். ஆண்டின் பெரும்பகுதி அது வறண்ட தரை. யாரோ ஓர் உறுப்பினர் தூக்கிப் போட்ட ஏழாம் எண் இரும்பு மட்டை ஒன்று வைத்திருக்கிறான். பிடியின் ரப்பர் உரிந்து போனதால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறான். பந்துகள் எல்லாம் மைதானத்துக் குளத்தில் விழுந்து பாசி ஏறியவை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் அடித்துக் காட்டினான். மண் தெறித்தது, 46 கிராம்கூட இல்லாத பந்து நான் எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும்பி, சீமைக்கருவேலப் புதருக்கு முன்னால் அவன் விரித்து வைத்திருந்த உரச்சாக்குக்கு ஓரடி தள்ளி இறங்கியது. அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்தது சாக்கின் மேலேயே விழுந்தது. “தம்பி, ஆட்டு மண்டையில் படாமல் அடி” என்று தூரத்திலிருந்து மேய்ப்பவர் ஒருவர் குரல் கொடுத்தார். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கை கால் அசைவைப் பார்ப்பதுதான் என் தொழில். கோல்ஃப் எனக்குப் புதிது, அசைவு புதிதல்ல. அந்தத் தோள் திரும்பும் விதத்தைப் பார்த்த பிறகுதான் இந்த ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, இந்த நாட்டின் கோல்ஃப் வரலாற்றில் பாதி உங்கள் ஊழியர்கள் எழுதியது என்பதுதான். இந்திய ஓபன் போட்டி 1964-ல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், ஆண்டு 1991. அவர் தில்லி கோல்ஃப் மன்றத்தில் பை சுமந்து வளர்ந்தவர். ஒரு முறை வென்றது தற்செயல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல 1993-லும் வென்றார். மத்தியப் பிரதேசம் மஹூவில் பை சுமந்த முகேஷ் குமார், உள்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டங்களை வென்ற பிறகு, 2016-ல் தமது 51-ஆம் வயதில் தில்லியில் ஆசிய டூர் என்ற ஆசிய அளவிலான தொழில்முறைப் போட்டித் தொடரில் முதன்முறையாகப் பட்டம் வென்றார். என் வயதுக்காரர்களுக்கு அந்தச் செய்தி தனி மகிழ்ச்சி.

நம் பக்கத்து வீட்டுக் கதை சி. முனியப்பாவுடையது. பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் உருவானபோது அங்கே கூலி வேலை செய்தவர் அவர். பிறகு அதே மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்து கூடவே நடப்பவராக இருந்தார். அதற்கும் பிறகு அதே புல்லில் ஆடக் கற்றார். 2009-ல் குர்கானில் நடந்த இந்திய ஓபனில் நான்கு நாள் முடிவில் கொரியாவின் லீ சங்கோடு சமநிலையில் நின்று, கூடுதல் ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார். மைதானத்துக்கு மண் சுமந்தவர் தேசத்தின் ஓபன் பட்டத்தைச் சுமந்து வந்தார். ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து அந்த மைதானம் ஒன்றரை மணி நேரம். சில்க் போர்டு நெரிசல் அனுமதித்தால். பிடதி அருகே ஈகிள்டன் கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கிய சிக்கரங்கப்பாவும் இதே வட்டாரத்துக்காரர்தான். அவருடைய திறமையை ஒரு பயிற்சியாளர் கண்டுகொண்டார், மைதானத்துக் கதவு திறந்தது, பட்டங்கள் வந்தன.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் பேசியாக வேண்டும். பழைய தலைமுறை ஆட்டக்காரர்கள் பலர் உள்ளே வந்தது குழந்தைத் தொழிலாளர்களாக. பத்து, பன்னிரண்டு வயதில் பந்து பொறுக்கி, பை சுமந்து, பள்ளியை விட்டு, கிடைத்த இடைவெளியில் ஆடிக் கற்றார்கள். அந்தக் கதவு இன்று மூடிவிட்டது. மூடியதுதான் சரி. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை பை சுமக்கப் போனால் அழைத்து வர முதல் ஆளாக நான்தான் நிற்பேன். பெரியவர்களுக்கும் அந்த வேலை குறைந்துகொண்டே வருகிறது: பேட்டரி வண்டி வந்துவிட்டது, சக்கரம் வைத்த தள்ளுவண்டி வந்துவிட்டது. ஆக, ஏழை வீட்டுப் பிள்ளை கோல்ஃபுக்குள் நுழைய இருந்த ஒரே சந்தும் அடைபட்டது. அதற்குப் பதிலாக என்ன திறந்திருக்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. புல் வெட்டுகிறவரின் மகள் தன் அப்பா வேலை செய்யும் இடத்தைச் சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்துதான் பார்க்கிறாள். பை சுமக்காமலேயே அவள் உள்ளே வந்து ஆட வேண்டும். நான் கேட்கும் திங்கட்கிழமை அதற்குத்தான்.

வசதியுள்ள வீட்டிலிருந்து வருகிறவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஐந்து வயதில் மட்டை பிடித்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்துகொண்டு நான்காவதாக முடித்தார். பந்தை அடித்த எண்ணிக்கையில் ஒரே ஒரு அடி கூடியதால் வெண்கலம் தவறியது. அவருடைய பையைச் சுமந்தவர் அவருடைய அம்மா. நான்கு நாள், 72 குழி, கடைசியில் ஓர் அடி! அன்று விடியற்காலையில் எழுந்து தொலைக்காட்சி பார்த்தவர்களில் பலருக்கு பார் என்றால் என்ன, பர்டி என்றால் என்ன என்றே தெரியாது. தெரியாமலேயே நெஞ்சு படபடக்கப் பார்த்தோம். அந்தக் குடும்பத்தின் உழைப்புக்கு என் வணக்கம். மகளுக்காக ஊர் ஊராக, நாடு நாடாகப் போகக்கூடிய பெற்றோர் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி.

“அவன் திறமைசாலி என்றால் தானாக மேலே வருவான்” என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. நாட்டில் தொழில்முறைப் போட்டிகளை நடத்துவது 2006-ல் தொடங்கிய புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா. கபில்தேவ் 2024-ல் அதன் தலைவரானார். அதில் ஆட முதலில் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். தேறினால் ஒரு பருவத்துக்கு அனுமதி அட்டை. அதன்பின் ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்கும் அறை, பை சுமப்பவருக்குக் கூலி எல்லாம் ஆட்டக்காரரின் சொந்தச் செலவு. போட்டி சண்டிகரிலும் இருக்கும், ஜாம்ஷெட்பூரிலும் இருக்கும், அசாம் டிக்பாயிலும் இருக்கும். இரண்டு நாள், 36 குழி முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்குக் கட் என்று பெயர். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு ரூபாயும் கிடையாது. அறுவடைக் கூலியும் வேன் வாடகையும் கொடுத்து ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி கொண்டுபோன விவசாயி, விலை விழுந்த நாளில் கூடையை அங்கேயே கொட்டிவிட்டு வருவாரே, கட் தவறிய ஆட்டக்காரர் ரயில் ஏறுவது அந்த மனநிலையில்தான். பருவ முடிவில் பரிசுப் பணத்தை வைத்துத்தான் தரவரிசை. அதில் பின்தங்கினால் அட்டை போய்விடும், மறுபடி தகுதிச் சுற்று.

பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பெயர்பெற்ற கம்பெனியின் புது செட் ஒன்று ஒரு லட்சத்தைத் தாண்டும். வெற்றி தாமதமாக வரும் தொழில் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிஜித் தீவில் விமானத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த இந்திய வம்சாவளியினர் விஜய் சிங், போர்னியோக் காட்டுப் பக்கத்து மன்றம் ஒன்றில் ஆட்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த காலம் உண்டு. டைகர் உட்ஸைப் பின்னுக்குத் தள்ளி உலகின் முதலிடத்துக்கு அவர் வந்தது 2004-ல், 41 வயதில். அந்த இடைக்காலத்தைத் தாக்குப்பிடிக்க ஒரு மைதானமும் ஒரு சம்பளமும் இருந்ததால்தான் அது நடந்தது. எங்கள் பையனுக்கு உங்கள் புண்ணியத்தில் சம்பளம் இருக்கிறது. மைதானத்தைத்தான் கேட்கிறேன்.

ஏரித் தரையில் அடிப்பவனால் என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். ஸ்பெயினின் பெத்ரேன்யா கடற்கரை மணலில் ஒற்றை மூன்றாம் எண் இரும்பு மட்டையோடு பழகிய செவெ பாயெஸ்தெரோஸ், மேஜர் எனப்படும் உலகின் மிகப் பெரிய கோல்ஃப் போட்டிகளில் ஐந்து பட்டங்கள் வென்றார். டாக்கா குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கிய சித்திகுர் ரஹ்மான் 2013-ல் நம் இந்திய ஓபனையே வென்று, 2016 ரியோ ஒலிம்பிக்கில் வங்கதேசக் கொடியை ஏந்தி நடந்தார். நம் ஹரியானாவின் இஸ்ரானா கிராமத்துப் பால்காரர் மகன் சுபம் ஜக்லானையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊருக்கு வந்த ஒருவர் விட்டுப்போன மட்டைகளில் தொடங்கிய அந்தப் பையன் 2015-ல் அமெரிக்காவில் இளையோர் உலகப் பட்டம் வென்றான். மணலிலும் வயலிலும் தொடங்கலாம். ஆனால் இவர்களில் யாரும் அங்கேயே முடித்துவிடவில்லை. ஒரு கட்டத்தில் உண்மையான கிரீன் அவர்கள் காலடிக்கு வந்தது.

என் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலைப் படித்துவிட்டு முதலில் என்னைத் திட்டப்போவது அவர்கள்தான். “குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பணக்காரன் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான், நீ அவனிடம் போய்க் கெஞ்சுகிறாயா?” நியாயமான கோபம். ஃப்ளோரைடு கலந்த நீரைக் குடித்துப் பல் கறுத்த தலைமுறை தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்து சேர்ந்தது. அதனால்தான் அரசு செலவில் கோல்ஃப் மைதானம் கட்டுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. புதிதாக ஒரு சென்ட் நிலமும் வேண்டாம். இருக்கிற மைதானம் எங்கள் ஆட்களின் உழைப்பிலும் எங்கள் மண்ணின் நீரிலும் பச்சையாக இருக்கிறது. அதில் வாரம் ஒரு மாலை எங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும் என்கிறேன். நிர்வாகக் குழுவினர் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பாய்ச்சுகிறோம் என்பதை ஊருக்குக் காட்டினால் பாதிக் கோபம் தணியும். அது வேறு மடலுக்கான விஷயம்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். புல் கெடும் என்பீர்கள். புல்லைக் கெடுக்காமல் நடக்கத் தெரிந்தவர்கள் இந்த மைதானத்தில் யாராவது உண்டென்றால் அது அவர்கள்தான். பங்கர் என்ற மணற்பள்ளத்தில் இறங்கிவிட்டு மணலைச் சமன் செய்யாமல் போகும் உறுப்பினர்களின் காலடித் தடத்தை தினமும் அழிப்பவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பீர்கள். காப்பீட்டுத் தொகையை ஆண்டு விழா விருந்துச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம். உறுப்பினர்கள் விரும்ப மாட்டார்கள் என்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். அதை எழுத்தில் தாருங்கள். மூடிய நாளில் கேடிகளை ஆட விடும் வழக்கம் உலகின் பல பழைய மன்றங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

எல்லாரும் முனியப்பா ஆக மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நூறு பேரை ஓடவிட்டு ஒருவனை மாநிலப் போட்டிக்கு அனுப்புகிற ஆள் நான். படிப்பை விட்டுவிட்டு மட்டையைப் பிடி என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஆடத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் வேறு வேலைகளும் உண்டு. நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. மட்டையை ஆளின் உயரத்துக்கும் வீச்சுக்கும் ஏற்பச் சரிசெய்வது தனித் தொழில். மைதானப் பராமரிப்பில் மேலாளர் நிலை வரை போகலாம். அங்கே இப்போது வெளியூரிலிருந்துதான் ஆள் எடுக்கிறீர்கள். பெரிய டூர்களில் ஆட்டக்காரர் வென்றால் பரிசில் பத்தில் ஒரு பங்கு பை சுமப்பவருக்குப் போவது வழக்கம். காற்றையும் சரிவையும் கணித்துச் சொல்லும் ஆலோசகர் அவர். ஆடியே பார்க்காதவரால் அந்த இடத்துக்குப் போக முடியாது.

இனி நடைமுறை. எங்கள் பள்ளி மாலை நாலேகாலுக்கு முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதி ஆறரை வரை வெளிச்சம் இருக்கும். திங்கட்கிழமைகளில் உங்கள் ஊழியர்களின் பிள்ளைகளை அழைத்து வந்து, கூடவே இருந்து, ஆறரைக்கு வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன். தலைமை ஆசிரியரின் அனுமதியையும் பெற்றோரின் ஒப்புதலையும் வாங்கி இணைக்கிறேன். முதல் மூன்று மாதம் பயிற்சித் திடலும், பந்து உருட்டிப் பழகும் கிரீனும் போதும். பெரிய மைதானம் அப்புறம். பொறுப்புக்கு உங்கள் தரப்பில் ஓர் ஆள் வேண்டும். யாரைப் போடலாம் என்று கேட்டால், குழி வெட்டும் இளைஞன் ஒருவனை எனக்குத் தெரியும். எந்த மன்றம் முதலில் பதில் எழுதுகிறதோ அந்த மன்றத்துக்குப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கெலமங்கலம் வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.